‘பேச ஆரம்பிச்சதும் கூட்டிட்டு வாங்க’: அங்கன்வாடி டீச்சருக்கும் பிளே ஸ்கூல் மிஸ்ஸுக்கும் என்ன பயிற்சி தேவை?

ஒரு குழந்தையை, அதே வயதுள்ள இருபது குழந்தைகளுக்கு நடுவில் வைத்துத் தினமும் பார்க்கிற முதல் ஆள் யார்? டாக்டர் இல்லை. அவர் பார்ப்பது பத்து நிமிடம். பெற்றோரும் இல்லை. பல வீடுகளில் ஒரே குழந்தைதான், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று கிடையாது. அங்கன்வாடி டீச்சரும் பிளே ஸ்கூல் மிஸ்ஸும்தான் அந்த முதல் ஆள்.

கூப்பிட்டால் திரும்பாத குழந்தை, மற்றவர்கள் வட்டமாக உட்கார்ந்து பாடும்போது மூலையில் தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கும் குழந்தை, மூன்று வயதாகியும் நடக்கும்போது அடிக்கடி விழுகிற குழந்தை எல்லாம் முதலில் இவர்கள் கண்ணில்தான் படுகிறார்கள். அதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்று பலருக்கும் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அதனால் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில்தான் வருகிறது. “ஆம்பளப் பசங்க லேட்டாத்தான் பேசுவாங்க, சரியாயிடும்” என்பது ஒன்று. “பேச ஆரம்பிச்சதும் கூட்டிட்டு வாங்கம்மா” என்பது இன்னொன்று. முதல் பதிலால் காலம் வீணாகிறது. இரண்டாவது பதிலால் குழந்தைக்கு உட்கார இடமே இல்லாமல் போகிறது.

மூன்றாவதாக ஒரு பதில் இருக்கிறது. அதைச் சொல்லப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சி எப்படி இருக்க வேண்டும், இப்போது என்ன இருக்கிறது, எங்கே ஓட்டை இருக்கிறது, பெற்றோர் என்ன கேட்கலாம்? விரிவாகப் பார்ப்போம்.

ஏன் ஆறு வயதுக்குள்?

குழந்தையின் மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கும் மேல் ஆறு வயதுக்கு முன்பே நடந்துவிடுகிறது என்கிறது தேசியக் கல்விக் கொள்கை 2020. இதன் பொருள், ஆறு வயதுக்குப் பிறகு எதுவும் முடியாது என்பதில்லை. எளிதாகக் கற்கிற காலம் அதுதான் என்பது.

காது கேட்காத குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். மொழியைக் கேட்டுக் கேட்டுத்தான் மூளை பேச்சைப் பழகுகிறது. ஒரு வயதில் கண்டுபிடித்துக் கருவி பொருத்திப் பயிற்சி கொடுத்தால், பேச்சு வருவதற்கான வாய்ப்பு அதிகம். ஐந்து வயதில் கண்டுபிடித்தால், அதுவரை இழந்த ஆண்டுகளையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சை ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத்தான். “சரியாயிடும்” என்று காத்திருந்த குடும்பத்துக்கு அந்தக் கதவு மூடிவிடலாம்.

எத்தனை குழந்தைகளுக்கு இது தேவைப்படும்? 2018-இல் ‘ப்ளோஸ் மெடிசின்’ இதழில் வெளியான ஆய்வு ஒன்று, இந்தியாவின் ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயது வரையுள்ள 3,964 குழந்தைகளைப் பரிசோதித்தது. பார்வை, செவித்திறன், பேச்சு, வலிப்பு, மூளை முடக்குவாதம் உள்ளிட்ட இயக்கக் குறைபாடுகள், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு ஆகிய ஏழில் ஏதாவது ஒன்று இருந்த குழந்தைகள், ஆறு வயதுக்கு உட்பட்டவர்களில், இடத்துக்கு இடம் 2.9 சதவீதம் முதல் 18.7 சதவீதம் வரை இருந்தார்கள்.

குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டாலும், 25 குழந்தைகள் வரும் மையத்தில் ஏறக்குறைய ஒரு குழந்தை. ஆக, இது எங்கோ ஒரு மையத்தில் எப்போதோ வருகிற விஷயம் இல்லை. அனேகமாக ஒவ்வொரு மையத்துக்கும் வரக்கூடியது. ஒருவேளை மையத்தில் அப்படி யாருமே இல்லை என்றால், அந்தக் குழந்தை வீட்டில் இருக்கிறதா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 வந்தபோது, அதற்கு முன் ஏழாக இருந்த குறைபாடுகளின் பட்டியல் 21 ஆனது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உள்ளே வந்தன. எல்லாக் குழந்தைகளையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது பரிசோதிக்க வேண்டும் என்று இந்தச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு சொல்கிறது. எல்லோரையும் சேர்த்துக் கற்பிப்பதற்கு ஆசிரியர்களையும் ஊழியர்களையும் தயார்செய்வது அரசின் கடமை என்கிறது 17-ஆவது பிரிவு.

ஆனால் இலவசக் கல்விக்கான உரிமை இதே சட்டத்தில் 6 வயதில்தான் தொடங்குகிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டமும் 6 முதல் 14 வரைதான். மூளை வேகமாக வளர்கிற ஆண்டுகள் ஒரு பக்கம், உரிமை தொடங்குகிற வயது இன்னொரு பக்கம். நடுவில் இருப்பது அங்கன்வாடி மட்டும்தான்.

1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம், இன்று நாடு முழுக்க ஏறக்குறைய 14 லட்சம் மையங்களாக வளர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் மட்டும் 54,000-க்கும் மேல். பல கிராமங்களில் சிறப்புப் பள்ளி கிடையாது, தெரபி மையம் கிடையாது. அங்கன்வாடி இருக்கும்.

2023 நெறிமுறையில் என்ன இருக்கிறது?

2023 நவம்பர் 28 அன்று மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் ‘திவ்யாங் குழந்தைகளுக்கான அங்கன்வாடி நெறிமுறை’யை வெளியிட்டது. அங்கன்வாடி ஊழியரின் வேலையை அது மூன்றாகப் பிரிக்கிறது.

• குறைபாட்டின் ஆரம்ப அறிகுறிகளைக் கவனிப்பது
• குழந்தையை மையத்தின் நடவடிக்கைகளிலும் ஊர் நிகழ்ச்சிகளிலும் சேர்ப்பது, குடும்பத்துக்குத் துணை நிற்பது
• சுகாதாரப் பணியாளர்கள், ‘ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்திய காரியக்ரம்’ (ஆர்பிஎஸ்கே) குழுக்கள் வழியாக மருத்துவ உதவிக்கு அனுப்புவது

ஆர்பிஎஸ்கே 2013-இல் தொடங்கிய திட்டம். இதன் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வர வேண்டும். பிறவிக் குறைபாடு, நோய், சத்துக் குறைபாடு, வளர்ச்சித் தாமதம் என்ற நான்கு வகைகளில் பார்த்து, தேவைப்பட்டால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பும். மக்கள் பேச்சில் இது ‘டிஇஐசி’. குழந்தை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், பிசியோதெரபிஸ்ட், உளவியலாளர் என்று எல்லோரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

காகிதத்தில் சங்கிலி முழுமையாகத்தான் இருக்கிறது. இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். மருத்துவக் குழு வருவது ஆண்டுக்கு இரண்டு நாள். மீதி நாளெல்லாம் குழந்தையோடு இருப்பது டீச்சர். அன்றைக்கு அந்தக் குழந்தை காய்ச்சல் என்று வரவில்லை என்றால், அடுத்த முறைக்கு ஆறு மாதம். அதனால் சங்கிலியின் முதல் கண்ணி டீச்சரின் கண்தான். அவருக்கு எதைச் சொல்லிக்கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பயிற்சியில் கற்றுத்தர வேண்டிய நான்கு

‘சிறப்புக் குழந்தைகளுக்கான பயிற்சி’ என்றதும் 21 குறைபாடுகளின் பெயர்களை ஸ்லைடில் போட்டு விளக்குவது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது அறிமுகத்துக்குச் சரி. மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு, அழுகிற குழந்தைகளுக்கு நடுவில் நிற்கிற டீச்சருக்கு அது உதவாது. அவருக்குத் தேவை நான்கு.

1. கவனிக்கத் தெரிய வேண்டும், பெயர் வைக்கக் கூடாது

“ஆட்டிசம் மாதிரி இருக்கு” என்று சொல்வது டீச்சரின் வேலை இல்லை. “நாலு நாளா பின்னாடி நின்னு பேர் சொல்லிக் கூப்பிட்டேன், ஒரு தடவைதான் திரும்பினான்” என்று எழுதிவைப்பதுதான் வேலை. முதலாவது, தெரியாத விஷயத்தில் தீர்ப்பு. இரண்டாவது, டாக்டருக்கு நேரடியாகப் பயன்படுகிற தகவல். காது கேட்காததாலும் அப்படி இருக்கலாம், கூப்பிடும்போது விளையாட்டில் மூழ்கியிருந்ததாலும் இருக்கலாம். அதைப் பிரித்துச் சொல்ல வேண்டியவர்கள் நிபுணர்கள்.

எதைக் கவனிப்பது? பொதுவாகச் சொல்லப்படும் எச்சரிக்கை அறிகுறிகள் இவை:

• 12 மாதம்: பெயர் சொன்னால் திரும்பாதது; ‘பா பா’, ‘மா மா’ என்ற மழலை இல்லாதது; டாட்டா காட்டுவது போன்ற கையசைவு இல்லாதது; ஒரே கையை மட்டும் பயன்படுத்துவது
• 18 மாதம்: நடக்காதது, வேண்டியதை விரலால் சுட்டிக்காட்டாதது, ஒரு சொல்லும் வராதது
• 2 வயது: ‘அப்பா வா’, ‘பால் வேணும்’ என்று இரண்டு சொற்களைச் சேர்க்காதது
• 3 வயது: மற்ற குழந்தைகளைக் கண்டுகொள்ளாதது; எளிய சொல்லைக் கேட்டுச் செய்யாதது; அடிக்கடி விழுவது
• எந்த வயதிலும்: ஏற்கெனவே வந்த பேச்சோ திறமையோ மறைந்துபோவது, வலிப்பு, டிவி, புத்தகம் எதையும் முகத்தருகே கொண்டுபோய்ப் பார்ப்பது

இதில் ஒன்று இருந்தாலே குறைபாடு என்று முடிவு கட்டக் கூடாது. ஒருமுறை சரியான இடத்தில் காட்ட வேண்டும், அவ்வளவுதான். கற்ற பேச்சு மறைந்துபோனாலோ வலிப்பு வந்தாலோ மட்டும் காத்திருக்கவே கூடாது.

இதற்கு எளிய கருவிகளும் உண்டு. திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தில் உருவான ‘டிடிஎஸ்சி’ அட்டையில் இரண்டு வயது வரைக்குமான 17 வளர்ச்சிப் படிகள் கோடுகளாக இருக்கும். குழந்தையின் வயது வரும் இடத்தில் ஒரு பென்சிலை நெட்டுக்குத்தாக வைத்தால் போதும். பென்சிலுக்கு இடப்பக்கம் முடிந்துவிட்ட படிகளைக் குழந்தை செய்கிறதா என்று பார்க்கலாம். கருவுற்றதும் கொடுக்கப்படும் தாய்-சேய் நல அட்டையிலும் வளர்ச்சிப் படிகள் படத்தோடு இருக்கின்றன. தடுப்பூசித் தேதிப் பக்கத்தைத் தாண்டிப் புரட்டுபவர்கள்தான் குறைவு.

2. அம்மாவிடம் சொல்லத் தெரிய வேண்டும்

பயிற்சிகளில் அதிகம் விட்டுப்போகிற பகுதி இதுதான். நடைமுறையில் மிகக் கஷ்டமானதும் இதுதான். சத்துமாவு வாங்க வந்திருக்கும் பத்துப் பேர் முன்னால், “உங்க பையன் மத்த பசங்க மாதிரி இல்லம்மா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று சொன்னால் என்ன ஆகும்? அந்த அம்மா ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டார். மறுநாளிலிருந்து மையத்துக்கும் வர மாட்டார். வீட்டில் மாமியாருக்கும் கணவருக்கும் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

வேறு மாதிரி சொல்லலாம். தனியாக உட்காரவைத்து, குழந்தையால் முடிவதில் தொடங்கி:

“தம்பி பிளாக்ஸ் அடுக்குறதுல கெட்டிக்காரன்மா. ஒரு வாரமா ஒண்ணு கவனிச்சேன். பின்னாடி நின்னு பேர் சொன்னா திரும்ப மாட்டேங்குறான். வீட்டுல எப்படிம்மா இருக்கான்? எதுக்கும் ஒரு தடவ காது டெஸ்ட் பண்ணிடலாம். புதன்கிழமை ஊசி போட நர்ஸ் அக்கா வருவாங்க, நானும் கூட இருந்து பேசுறேன். அதுவரைக்கும் தினமும் கூட்டிட்டு வாங்க.”

இதில் பார்த்தது இருக்கிறது, அம்மாவிடம் கேள்வி இருக்கிறது, அடுத்த படி இருக்கிறது, நாள் இருக்கிறது. ‘செல்போன் கொடுத்துக் கொடுத்துத்தான் இப்படி’, ‘நீங்க வேலைக்குப் போறதாலதான்’ என்ற குற்றச்சாட்டு இல்லை. ‘தினமும் கூட்டிட்டு வாங்க’ என்கிற கடைசி வரிதான் அந்த அம்மாவுக்கு முக்கியம். இப்படிப் பேசுவதைப் பயிற்சியில் ஒருவர் டீச்சராகவும் இன்னொருவர் அம்மாவாகவும் நடித்துத்தான் பழக முடியும். ஸ்லைடில் படித்து வராது.

3. மறுநாள் காலை வகுப்பில் சேர்த்துக்கொள்ளத் தெரிய வேண்டும்

டாக்டரைப் பார்த்து, சான்றிதழ் வாங்கி, தெரபி தொடங்க மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை குழந்தை என்ன செய்யும்? வீட்டில் இருந்தால், மற்ற குழந்தைகளிடமிருந்து கற்றுக்கொள்கிற வாய்ப்பும் சேர்ந்து போய்விடும். தெரபி வாரத்துக்கு ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ. மையத்தில் குழந்தை இருப்பது தினமும் பல மணி நேரம். அந்த நேரம் வீணாகாமல் இருக்கச் சின்னச் சின்ன மாற்றங்கள் போதும்.

• அன்றைய வேலைகளைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டுவது: பாட்டு, விளையாட்டு, கை கழுவுவது, சாப்பாடு, தூக்கம், வீடு. அடுத்து என்ன என்று தெரிந்தால், மாற்றத்துக்குப் பயந்து அழுகிற குழந்தையின் அழுகை குறையும். பேசாத குழந்தை தனக்கு வேண்டியதைத் தொட்டுக் காட்டவும் இதே படங்கள் உதவும்.
• சுருக்கமாகப் பேசுவது. “செருப்பை அங்க வெச்சிட்டு, பையை மாட்டிட்டு, வந்து வட்டத்துல உக்காரு” என்பது மூன்று கட்டளை. ஒன்று சொல்லி, அது முடிந்ததும் அடுத்தது.
• பாட்டில் சேர்ப்பது. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளின் ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டமே பாட்டும் அசைவும்தான். சொல் வராத குழந்தை அசைவோடு சேரலாம். நிற்க முடியாத குழந்தை உட்கார்ந்து கைதட்டலாம்.
• சத்தம் தாங்காத குழந்தைக்கு ஒரு மூலையில் பாயும் இரண்டு பொம்மையும். தண்டனையாக அங்கே அனுப்பக் கூடாது. அதுவாகவே போய் வரட்டும்.
• மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்குப் படுக்கவைத்தோ தலையைப் பின்னால் சாய்த்தோ ஊட்டக் கூடாது. சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போகிற ஆபத்து உண்டு. நிமிர்ந்து உட்காரவைத்து, சின்ன ஸ்பூனில், மெதுவாக. எப்படி உட்காரவைப்பது என்பதைப் பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை நேரில் செய்துகாட்ட வேண்டும்.

கடைசி விஷயத்துக்காகவே இந்தப் பயிற்சியில் உதவியாளரையும் உட்காரவைக்க வேண்டும். ஊட்டுவது, கழிவறைக்கு அழைத்துப் போவது, அழும்போது தூக்கிக்கொள்வது எல்லாம் பெரும்பாலும் ‘ஆயாம்மா’ செய்கிற வேலை. பயிற்சிக் கூடத்துக்கு அழைக்கப்படுவது பெரும்பாலும் டீச்சர் மட்டும்.

4. அனுப்பிவைத்த பிறகும் கேட்கத் தெரிய வேண்டும்

டிஇஐசி பெரும்பாலும் மாவட்டத் தலைநகரில், அரசு மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரியிலோ இருக்கும். தினக்கூலிக் குடும்பத்துக்கு அங்கே ஒருமுறை போய்வருவது ஒரு நாள் சம்பளம், பஸ் செலவு. ‘இன்னைக்கு டாக்டர் இல்ல, அடுத்த வாரம் வாங்க’ என்று ஒரே ஒரு தடவை கேட்டால் போதும், அதோடு நின்றுவிடும். எந்த நாளில் போக வேண்டும், என்ன காகிதம் வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று டீச்சருக்குத் தெரிந்திருந்தால் அந்த முதல் பயணம் வீணாகாது. இரண்டு வாரம் கழித்து “போனீங்களாம்மா, என்ன சொன்னாங்க?” என்று கேட்பதும் பயிற்சியின் பாடம்தான்.

ஒரு நாள் பயிற்சி ஏன் போதாது?

அரசுப் பயிற்சிகள் பெரும்பாலும் அடுக்கடுக்காக இறங்கும். தேசிய அளவில் சிலருக்கு, அவர்கள் மாநிலத்தில் சிலருக்கு, அவர்கள் மாவட்டத்துக்கு, அங்கிருந்து மேற்பார்வையாளர்களுக்கு, கடைசியில் ஊழியருக்கு. லட்சக்கணக்கானவர்களை எட்ட வேறு வழி இல்லை என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்முறை கழன்று, கடைசியில் கையேடு மட்டும் மிஞ்சும். மேலே நிற்கிறவர் குழந்தையோடு செய்துகாட்டியதை, கீழே வருபவர் வாயால் சொல்கிறார்.

2023 மே மாதம் தொடங்கிய ‘போஷன் பீ படாயீ பீ’ திட்டம், ஊட்டச்சத்தோடு கற்றலையும் சேர்த்து அங்கன்வாடி ஊழியர்களுக்குப் பயிற்சி தருகிறது. பிளஸ் 2 முடித்தவர்களுக்கு ஆறு மாதச் சான்றிதழ், அதற்குக் கீழே படித்தவர்களுக்கு ஓராண்டு டிப்ளமோ என்று தேசியக் கல்விக் கொள்கையும் முன்பருவக் கல்விக்குப் பயிற்சிகளைச் சொல்லியிருக்கிறது. நல்ல தொடக்கம். இதிலெல்லாம் சிறப்புத் தேவை என்பது பல தலைப்புகளில் ஒன்று. அந்தத் தலைப்பு, உண்மையான ஒரு குழந்தை மையத்துக்கு வந்து உட்காரும்போதுதான் டீச்சருக்குச் சந்தேகமாக மாறும். அந்த நேரத்தில் கேட்க ஆள் இருக்க வேண்டும்.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே பார்த்துக் கற்க ஓர் இடம் உண்டு. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981-இல் எஸ்.ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம், குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டில் உள்ளூர்ப் பெண்களையே சமூக மறுவாழ்வுப் பணியாளர்களாகப் பழக்குகிறது. அவர்கள் வீடு தேடிப் போகிறார்கள். தெரபிஸ்டுகள் அவர்களுக்குப் பின்னால் இருந்து வழிநடத்துகிறார்கள். குழந்தையின் முன்னேற்றத்தைப் பதிவுசெய்ய ‘எனேபிளிங் இன்க்ளூஷன்’ என்ற செயலியைப் பயன்படுத்துகிறார்கள். களத்தில் இருப்பவருக்கு எல்லாம் தெரிய வேண்டியதில்லை, தெரிந்தவர் கூப்பிடு தூரத்தில் இருந்தால் போதும் என்பதுதான் இதன் அடிப்படை.

இங்கிலாந்தில் 2015 முதல் நடைமுறையில் உள்ள வழிகாட்டு விதிகளும் ஒருமுறைப் பரிசோதனையை நம்பவில்லை. கவனி, திட்டமிடு, செய், திரும்பப் பார் என்ற நான்கு படிகளை மழலையர் மையங்கள் மறுபடி மறுபடி சுற்றிவர வேண்டும். மையத்தில் இதற்கென்று பொறுப்பாக ஒருவர் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. ‘ஆறு வாரம் இதைச் செய்தோம், மாற்றம் இருக்கிறதா’ என்று பெற்றோரோடு உட்கார்ந்து பார்ப்பது அங்கே டீச்சரின் வழக்கமான வேலை. இதற்குப் பெரிய செலவில்லை. ஒரு நோட்டும், நேரமும், பழக்கமும் வேண்டும்.

‘இதையும் நாங்கதான் செய்யணுமா?’

அங்கன்வாடி ஊழியர்கள் கேட்கிற இந்தக் கேள்வி நியாயமானது. ஊட்டச்சத்து, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மருத்துவமனைக்கு அனுப்புவது, முன்பருவக் கல்வி, சுகாதாரக் கல்வி என்று ஆறு சேவைகள் ஏற்கெனவே அவர்கள் தலையில். எடை, உயரம் பார்த்து ‘போஷன் டிராக்கர்’ செயலியில் ஏற்ற வேண்டும். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி வேலை. இதெல்லாம் செய்கிறவருக்குக் கிடைப்பது மதிப்பூதியம். ஒரு டீச்சர், ஒரு உதவியாளர் என்ற கணக்கில், ஒரு குழந்தைக்குத் தனிக் கவனம் கொடுத்தால் மற்றவர்களை யார் பார்ப்பது?

பயிற்சி மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டால், அது பொறுப்பைத் தள்ளிவிடுவதாகத்தான் முடியும். உதவ ஆட்கள் இல்லாமல் இல்லை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்களும் பிசியோதெரபிஸ்டுகளும் இருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, தொண்டு நிறுவனங்கள் வழியாக ஆரம்பநிலை இடையீட்டு மையங்களை நடத்துகிறது. உலக வங்கி உதவியோடு நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தில் ‘விழுதுகள்’ என்ற ஒருங்கிணைந்த சேவை மையங்கள் வருகின்றன. பிரச்சினை, இவர்கள் வெவ்வேறு துறைகளில் இருப்பது. சுகாதாரம், பள்ளிக் கல்வி, மாற்றுத்திறனாளிகள் நலம், சமூக நலம் என நான்கு துறைகளின் கோப்புகளில் ஒரே குழந்தை நான்கு பெயராக இருக்கிறது. சிறப்புப் பயிற்றுநர் மாதத்தில் ஒரு நாள் அங்கன்வாடிக்கு வந்து, டீச்சர் முன்னாலேயே அந்தக் குழந்தையோடு வேலை செய்துகாட்டினால், தனிப் பயிற்சி வகுப்பே தேவைப்படாத அளவுக்கு அது பயன் தரும்.

பிளே ஸ்கூல் பெற்றோர் என்ன கேட்கலாம்?

வேலைக்குப் போகும் இளம் பெற்றோர் பலரின் குழந்தைகள் அங்கன்வாடிக்குப் போவதில்லை. பிளே ஸ்கூலில் ஏசி இருக்கிறதா, சிசிடிவி இருக்கிறதா என்று கேட்கிறோம். இவற்றையும் கேட்கலாம்:

• ஒரு டீச்சருக்கு எத்தனை குழந்தைகள்? உதவியாளர் தனியாக உண்டா?
• வளர்ச்சிப் படிகளை எழுதிவைக்கிறீர்களா? அதைப் பெற்றோரிடம் எப்போது காட்டுவீர்கள்?
• பேசாத, ஓர் இடத்தில் உட்காராத குழந்தை வந்தால் என்ன செய்வீர்கள்?
• டீச்சர்களுக்கு இதில் கடைசியாக எப்போது பயிற்சி கொடுத்தீர்கள்? யார் கொடுத்தார்கள்?
• சிறப்பு ஆசிரியரோ தெரபிஸ்டோ வருகிறாரா? அவருக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் (ஆர்சிஐ) பதிவு எண் இருக்கிறதா?

“ஷேடோ டீச்சர் நீங்களே வெச்சுக்கிட்டா சேர்த்துக்கிறோம்” என்று சொல்கிற இடங்கள் உண்டு. சில குழந்தைகளுக்குத் தனி உதவியாளர் உண்மையிலேயே தேவைப்படும். ஆனால் அவர் வந்துவிட்டார் என்பதால் வகுப்பு டீச்சர் அந்தக் குழந்தையைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டால், ஒரே அறைக்குள் குழந்தை தனியாகிவிடும். பாட்டு நேரத்தில் அந்தக் குழந்தை எங்கே உட்கார்கிறது என்று கேட்டாலே நிலைமை புரிந்துவிடும்.

உங்கள் குழந்தை மேல் சந்தேகம் வந்தால்?

• முதலில் காது, கண் பரிசோதனை. பேச்சுத் தாமதம் என்று வரும் எந்தக் குழந்தைக்கும் காது டெஸ்ட்டைத் தவிர்க்கக் கூடாது.
• குழந்தைகள் நல மருத்துவரிடமோ, ஆரம்ப சுகாதார நிலையம் வழியாக டிஇஐசி-யிலோ காட்டலாம். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனத்திலும் (நிப்மெட்) ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது.
• வீட்டில் குழந்தை விளையாடும்போதும், கூப்பிடும்போதும் சின்ன வீடியோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். புது இடத்தில் குழந்தை வேறு மாதிரி நடந்துகொள்ளும். வீடியோ டாக்டருக்கு உதவும்.
• சான்றிதழும் யுடிஐடி அட்டையும் கிடைத்த பிறகுதான் தெரபி என்று இல்லை. தாமதம் இருக்கிறது என்று தெரிந்ததுமே பயிற்சியைத் தொடங்கலாம்.
• ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீட்டுத் திட்டத்தில் 1 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. தெரபி செலவும் இதில் வரும்.
• ‘ஆறு மாதத்தில் முழுக்க குணப்படுத்துகிறோம்’ என்று விளம்பரம் செய்யும் இடங்களை நம்பிப் பணத்தையும் காலத்தையும் இழக்க வேண்டாம்.

எதை எண்ண வேண்டும்?

பயிற்சித் திட்டங்களின் வெற்றியை ‘இத்தனை ஆயிரம் பேருக்குப் பயிற்சி முடிந்தது’ என்று கணக்குக் காட்டுகிறோம். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இருந்தால் கணக்கு சரியாகிவிடும். அதற்குப் பதில் வேறு மூன்றை எண்ணிப் பார்க்கலாம். இந்த மையத்திலிருந்து எத்தனை குழந்தைகள் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டார்கள்? அவர்களில் எத்தனை பேர் உண்மையில் போய்ச் சேர்ந்தார்கள்? ஆறு மாதம் கழித்தும் எத்தனை பேர் இதே மையத்துக்குத் தினமும் வருகிறார்கள்?

மூன்றாவது எண்தான் பயிற்சி வேலை செய்ததா என்று காட்டும். குறைபாட்டைக் கண்டுபிடிப்பதோடு நின்றுவிடும் பயிற்சி, சில சமயம் குழந்தையை வகுப்பிலிருந்து வெளியே அனுப்பவே ஒரு காரணமாகிவிடும். “இவனுக்குத் தனி ஸ்கூல்தான் சரி” என்று மூன்று வயதிலேயே முடிவாகிவிடுகிறது. கண்டுபிடித்த பிறகும் “நாளைக்கும் கூட்டிட்டு வாங்கம்மா” என்று டீச்சரால் தயங்காமல் சொல்ல முடிந்தால், அந்தப் பயிற்சிக்குச் செலவழித்த நேரம் வீணாகவில்லை.